சூதாட்டத்திலிருந்து எழ நான்கு பேர் வேண்டும்

(புனித கமில்லுஸ் திருநாளையொட்டிய வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



புனித கமில்லுஸ் தெ லெல்லிஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவர், மார்பில் சிவப்புச் சிலுவை அணிந்து நோயாளியின் கட்டிலருகே குனிந்து நிற்கும் துறவி. ஜூலை 14 அவருடைய திருநாள். நோயாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அவர் பாதுகாவலர். ஒரு காலத்தில் அவர் கையில் சீட்டுக்கட்டு இருந்தது என்பதை மட்டும் நாம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இத்தாலி நாட்டின் புக்கியானிக்கோ என்ற ஊரில் 1550ஆம் ஆண்டு பிறந்தவர் கமில்லுஸ். தந்தை படைவீரர், சூதாடியும்கூட. மகனும் அதே வழியில் படைக்குப் போனார், அதே வழியில் சூதாடினார். காலில் ஆறாத புண் வந்தது. 1571இல் உரோமை நகரின் புனித யாக்கோபு மருத்துவமனையில் சேர்ந்து, சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்கு வேலையும் பார்த்தார். வேலை நேரத்தில் சீட்டாடப் போய்விடுகிறார், சண்டை போடுகிறார் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் படை, மறுபடியும் சூது. 1574இல் நேப்பிள்ஸ் நகரில் எல்லாவற்றையும் இழந்தார். உடுத்தியிருந்த சட்டைவரை போயிற்று என்பது மரபு. பிறகு மன்பிரதோனியாவில் கப்புச்சின் துறவிகள் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் சித்தாள் வேலைக்குச் சேர்ந்தார். 1575 பிப்ரவரி 2, ஆண்டவரை ஆலயத்தில் காணிக்கையாக அளித்த விழாவன்று, அவர் மனம் திரும்பினார்.

இத்தோடு கதையை முடித்து ‘ஒரே நாளில் மாறினார்’ என்று சொல்வது நம் வழக்கம். அது பாதிக் கதைதான். அதன்பின் அவர் தனியாக இருக்கவில்லை. முன்பு வெளியேற்றிய அதே மருத்துவமனைக்குத் திரும்பி, நாள்தோறும் நோயாளிகளோடு இருந்தார். புனித பிலிப்பு நேரியிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றார், அறிவுரை கேட்டார். 1582 முதல் தம்மோடு சில தோழர்களைச் சேர்த்துக்கொண்டார். 1584இல் குருவானார். 1614இல் இறக்கும்வரை ஒரு குழுவுக்குள்ளேயே வாழ்ந்தார்.

இன்று நாம் பேசவிருப்பது இந்தக் குழுவைப் பற்றித்தான். சூதாட்டத்தில் சிக்கிய ஒருவர், அதிலிருந்து மீண்ட அல்லது மீண்டுகொண்டிருக்கும் மற்றவர்களோடு உட்கார்ந்து பேசும் குழு. அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடக்கும், அருகில் இல்லையென்றால் என்ன செய்வது?

முதலில் நம் மாவட்டத்து நிலவரம். சூது நமக்குப் புதிதல்ல. தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, தருமர் பகடை உருட்டித் தோற்கும் இரவை விடிய விடியப் பார்க்கும் மக்கள் நாம். வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார், 94ஆவது. அதற்கு முந்தையது கள்ளுண்ணாமை, அடுத்தது மருந்து. அதிகார வரிசையை யார் எப்படி அமைத்தார்களோ, சூது கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருப்பது பொருத்தமாகவே படுகிறது. இன்றைய மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு தனி நோயாகவே இடம்பெற்றுள்ளது, போதை நோய்களுக்குப் பக்கத்தில்.

லாட்டரிச் சீட்டைத் தமிழக அரசு 2003இல் தடை செய்தது. அதன்பிறகு மூன்று நம்பர் என்று ரகசியமாக விற்றார்கள். இப்போது சீட்டுக்கட்டும் லாட்டரிக் கடையும் கைப்பேசிக்குள் போய்விட்டன. ஆன்லைன் ரம்மி, கிரிக்கெட் பந்தயம், கலர் கணிப்பு என்று பெயர்கள்தான் மாறுகின்றன. தமிழகச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. ஏறக்குறைய 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்திருக்கிறார்கள் என்று மத்திய அரசு அப்போது சொன்னது. அந்தச் சட்டத்தின் தண்டனை நடத்துகிறவர்களுக்கும், விளம்பரம் செய்கிறவர்களுக்கும், பணப் பரிமாற்றத்துக்குத் துணை போகிறவர்களுக்கும்தான். சட்டம் நல்லது, தேவையானது. ஆனாலும் ஒரு செயலி மூடினால் வெளிநாட்டிலிருந்து இன்னொன்று வருகிறது. கடை மூடியதும் ஆசையும் மூடிவிடும் என்று நாம் நினைத்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு வீட்டை மனத்தில் கொண்டுவருவோம். பெயர் வேண்டாம். மகன் ஓசூரில் கம்பெனி வேலை, இரவு ஷிஃப்ட். மருமகள் ஊரில் இருக்கிறாள். தொடக்கத்தில் ஐந்நூறு போட்டு ஆயிரத்து எண்ணூறு எடுத்தான். அந்த ஒரு வெற்றிதான் அவனைப் பிடித்த தூண்டில். இப்போது சம்பளம் வந்த இரவே போய்விடுகிறது. நண்பர்களிடம் கடன், பிறகு கைப்பேசிச் செயலியில் கடன், பிறகு மீட்டர் வட்டி. மருமகளின் தாலிச்சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. கடைசியில் அவளே மகளிர் குழுவில் எடுத்த கடனும் போனது. தவணை நாளன்று குழுப் பெண்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவன் சொல்கிறான்: “இன்னும் ஒரு தடவை மட்டும். விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடறேன்.” இந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறோம்.

‘விட்டதைப் பிடிப்பது’ என்ற அந்தச் சொல்தான் நோயின் அடையாளம். குடிப்பவருக்கு வாசனை காட்டிக் கொடுத்துவிடும். சூதாடுபவரிடம் வாசனை கிடையாது, தள்ளாட்டம் கிடையாது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கே இரண்டு ஆண்டு தெரியாமல் போகலாம். தெரிய வரும்போது தொகை பெரிதாகியிருக்கும், வெட்கம் அதைவிடப் பெரிதாகியிருக்கும். அறிவுரையோ திட்டோ அந்த வெட்கத்தைக் கரைப்பதில்லை. “எனக்கும் இப்படித்தான் இருந்தது” என்று சொல்லும் இன்னொரு மனிதர் தேவைப்படுகிறார்.

இப்படித்தான் 1957 ஜனவரியில் அமெரிக்காவில் இரண்டு சூதாடிகள் தற்செயலாகச் சந்தித்துத் தங்கள் கதையைப் பேசத் தொடங்கினார்கள். பேசிய மாதங்களில் இருவருமே ஆடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 13, ஒரு வெள்ளிக்கிழமை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதல் கூட்டம் நடந்தது. கேம்ப்ளர்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் சொல்லாத சூதாடிகளின் குழு, அப்படிப் பிறந்தது. அதற்கு முன்மாதிரி 1935இல் ஆக்ரன் நகரில் இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். நம்மிடையே ‘ஏ.ஏ.’ என்று அறியப்படுவது.

கூட்டத்தில் என்ன நடக்கும்? பயப்படும்படி எதுவும் இல்லை. வட்டமாக நாற்காலிகள், தேநீர். சேருவதற்குக் கட்டணம் இல்லை. சூதாட்டத்தை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. கதவருகே ஒரு பெரியவர் நிற்பார். “வாங்க தம்பி, உக்காருங்க. பேர் மட்டும் சொன்னாப் போதும், ஊர் வேணாம். இன்னைக்கு நீங்க பேசணும்னுகூட இல்லை, கேட்டுட்டுப் போங்க” என்பார். ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், தீர்ப்பும் சொல்ல மாட்டார்கள். பேசியது அறையை விட்டு வெளியே போகாது. புதியவருக்கு இருபது கேள்விகள் கொடுப்பார்கள். சூதாட்டத்தால் வேலை நேரத்தை இழந்ததுண்டா? தோற்றவுடன் மறுபடி ஆடி மீட்க வேண்டும் என்று தோன்றியதுண்டா? ஆடுவதற்காகக் கடன் வாங்கியதுண்டா? இப்படிப் போகும். தீவிரச் சூதாடிகள் பெரும்பாலும் ஏழு கேள்விகளுக்காவது ‘ஆம்’ என்பார்கள் என்பது அவர்கள் அனுபவம். வீடு திரும்புமுன் சில கைப்பேசி எண்கள் கிடைக்கும். இரவு இரண்டு மணிக்குக் கை அரித்தால் செயலியைத் திறக்காமல் அந்த எண்ணை அழைக்க வேண்டும்.

கடன் விஷயத்தில் அவர்கள் செய்யும் ஒன்றை நம் குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சில வாரங்கள் ஒழுங்காக வந்தவரையும் அவர் மனைவியையும், அனுபவமுள்ள மூத்த உறுப்பினர்கள் தனியாக உட்கார வைப்பார்கள். எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதச் சொல்வார்கள். எல்லாம் என்றால் எல்லாம், மைத்துனரிடம் வாங்கிய இரண்டாயிரம் உட்பட. மாத வருமானத்தில் வீட்டு வாடகை, அரிசி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்குவார்கள். மீதியைக் கடன்காரர்களுக்குப் பிரித்து, ஆண்டுக் கணக்கானாலும் சிறிது சிறிதாக முழுவதையும் அடைக்கத் திட்டம் போடுவார்கள். கடன் கொடுத்தவரிடம் நேரில் போய்த் தவணை கேட்பது ஆடியவரின் வேலை. புதுக் கடன் வாங்கிப் பழைய கடன் அடைக்கக் கூடாது. குழுவும் ஒரு ரூபாய் கடன் தராது.

இங்கேதான் நம் பாசம் தவறு செய்கிறது. அப்பா நிலத்தை விற்று ஒரே மூச்சில் கடனை அடைத்துவிடுகிறார். கடன் தீர்ந்த அன்றே மகனுக்கு மறுபடி கடன் வாங்கும் தகுதி வந்துவிடுகிறது. அப்பாவுக்கு நிலமும் இல்லை. நிலத்தை விற்காதீர்கள் என்று ஒரு குருவானவர் சொல்வது கல்நெஞ்சம் போலத் தோன்றலாம். ஆனாலும் சொல்கிறோம். மிரட்டி வசூலிக்கிறார்கள் என்றால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல்துறையில் புகார் கொடுங்கள்.

குழுவாக உட்கார்ந்து, கணக்கு எழுதி, ஒருவர் தவறினால் மற்றவர் தாங்குவது நம் மாவட்டத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, முதன்முதலில் தொடங்கப்பட்டது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்று கிருஷ்ணகிரியும் நம்மோடு சேர்ந்திருந்தது. பாயில் வட்டமாக உட்கார்ந்த அந்தப் பெண்கள் செய்ததை ஆண்கள் செய்ய வெட்கப்படுவானேன்?

சரி, குழுவை எங்கே தேடுவது? ஏ.ஏ. கூட்டங்களைப் போல் சூதாடிகளின் குழு ஊர்தோறும் கிடையாது. நம் நாட்டில் சில பெருநகரங்களில் மட்டும் நேரடிக் கூட்டங்கள் உண்டு. மற்றவர்கள் இணையவழிக் கூட்டத்தில் சேர்கிறார்கள். எந்தக் கைப்பேசி கெடுத்ததோ அதே கைப்பேசியில் கூட்டமா என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து, குறித்த நேரத்தில் சேருங்கள்.

நேரடியாக மனித முகம் பார்க்க வேண்டும் என்றால், ஏ.ஏ.யின் திறந்த கூட்டம் ஒன்றில் போய் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும், திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். சேலத்திலும் பெங்களூருவிலும் ஏ.ஏ. குழுக்கள் நீண்ட காலமாக உள்ளன. குடியும் சூதும் சேர்ந்தே இருப்பவர்கள் அங்கே நிச்சயம் இருப்பார்கள், அவர்கள் வழியாக அடுத்த கதவு திறக்கும். சொந்த ஊரில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் இருந்தால் பக்கத்து ஊருக்குப் போங்கள். பேருந்துக் கட்டணம் ஓர் ஆட்டத்துக்குப் போட்ட பணத்தைவிடக் குறைவுதான்.

குழு மருந்துக்கு மாற்று அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். தூக்கமில்லை, மனம் இருண்டு கிடக்கிறது என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் கைப்பேசி, இணைய விளையாட்டு அடிமைத்தனத்துக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ “என்னைப்போல் உள்ளவர்களின் குழு ஏதாவது தெரியுமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பலர் சொல்வதில்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. கடன் சுமையில் ‘நான் இல்லாமல் போனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள், அப்போதே அழையுங்கள்.

இனி நம் பங்கு என்ன செய்யலாம்? மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், கப்பர்நாகும் ஊரில், முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாசல் வழியே போக முடியவில்லை. கூரையைப் பிரித்து அவரை இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். படுத்திருந்தவரின் நம்பிக்கை மட்டுமல்ல, தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையும் அதில் அடங்கும். ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் யார்? ஆண்டவரின் போதனையைக் கேட்க வந்த பக்தியுள்ள கூட்டம். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்று, “அவன் ரம்மியில எட்டு லட்சம் விட்டானாமே” என்று பேசும்போது நாமும் அப்படித்தான் நிற்கிறோம்.

அதிர்ஷ்ட விளையாட்டு தன்னளவில் பாவம் என்று திரு அவை சொல்வதில்லை. தனக்கும் தன்னை நம்பியிருப்பவர்களுக்கும் தேவையானதைப் பறிக்கும்போது அது ஏற்கத்தகாதது, அதன்மீதான மோகம் அடிமைத்தனமாக மாறக்கூடும் என்கிறது நம் மறைக்கல்வி. ஆகவே திருவிழாவில் குலுக்கல் சீட்டு விற்கும் நம் பங்குகளும் சற்று யோசிக்கலாம். பத்து ரூபாய்ச் சீட்டு யாரையும் கெடுத்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் ஆறு மாதமாக ஆடாமல் இருப்பவரிடம் கோவில் பெயரால் அதை நீட்டுவது சரியா? அன்பியப் பொறுப்பாளர்கள் பேசிப் பாருங்கள்.

பங்கு செய்யக்கூடிய பெரிய உதவி, ஓர் அறை. வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், மின்விசிறியும் பத்து நாற்காலியும். குழு தொடங்க இரண்டு பேர் போதும், அமெரிக்காவில் முதலில் பேசத் தொடங்கியவர்களும் இரண்டு பேர்தான். கூட்டத்தைப் பங்குத்தந்தை நடத்தக் கூடாது, உள்ளே உட்காரவும் கூடாது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். எந்தச் சமயத்தவரும் வரலாம், அது மறைக்கல்வி வகுப்பு அல்ல. பெயர்ப் பலகையும் அறிவிப்புப் பலகையில் உறுப்பினர் பட்டியலும் வேண்டவே வேண்டாம். நல்லெண்ணத்தில் அப்படிச் செய்துவிடுவார்கள் என்பதால்தான் சொல்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒருவர் இதைச் சொல்லும்போது, பாவமன்னிப்போடு சேர்த்து “இந்தக் கிழமை, இந்த நேரம், அந்த அறை” என்றும் குருக்களாகிய நாங்கள் சொல்ல வேண்டும். மன்னிப்போடு மட்டும் அனுப்பி, அதே பாவத்தை அடுத்த மாதமும் கேட்டுக்கொண்டிருந்ததில் எங்களுக்கும் பொறுப்பு உண்டு. மனைவியருக்கும் பெற்றோருக்கும் தனியாக ஓர் அமர்வு வேண்டும். ‘கேம்அனான்’ என்ற பெயரில் குடும்பத்தாருக்கென்றே குழுக்கள் உண்டு. அவர் வராவிட்டாலும் வீட்டில் உள்ளவர் முதலில் போகலாம்.

கடைசியாக ஓர் அருள்சகோதரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆக்ரன் நகரின் புனித தோமா மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் சகோதரி இக்னேசியா. குடிகாரர்களை மருத்துவமனைகள் ஏற்காத காலம். 1939இல் ஏ.ஏ.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான மருத்துவர் பாப் ஸ்மித்தோடு சேர்ந்து, வயிற்று அழற்சி என்று பதிவேட்டில் எழுதி ஒரு குடிநோயாளியைச் சேர்த்தார். பொய்தான், அதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். பின்னாளில், குணமாகிப் போகும் ஒவ்வொருவர் கையிலும் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்கப் போவதானால், குடிப்பதற்கு முன் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்பார்.

நம் மறைமாவட்டத்தின் பேராலயமும் திரு இருதய ஆண்டவருக்குரியதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படியொரு பதக்கம் வாங்கிக் கொடுக்க விரும்பினால், தாராளமாகக் கொடுங்கள். அதைத் திருப்பித் தர அவன் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், எந்த நேரத்திலும் அவர் திறப்பாரா என்பதை அவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.